கடலுக்கு மேலே ஒன்றரை அடி

கடல் அலை எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதை எண்ணில் சொல்லியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் குடும்பத்தில் பிறந்தவர். நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் தகப்பனார். 1840களில் அவர் செய்த கருவியில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. பாறையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு வார்ப்பிரும்பு உருளை. அதன் முகத்தில் வட்டத் தட்டு, உள்ளே எஃகுச் சுருள்வில், தட்டோடு சேர்ந்து பின்னால் நகரும் கம்பிகள், கம்பிகளில் இறுக்கமாகக் கோத்த தோல் வளையங்கள். அலை அறைந்ததும் தட்டு உள்ளே போகும். வில் அதைத் திருப்பித் தள்ளிவிடும். ஆனால் வளையங்கள் தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். தண்ணீர் வற்றியதும் போய், வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ளலாம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஸ்கெரிவோர் பாறைப் பகுதியில் அந்தக் கருவி காட்டிய கணக்கு இது: கோடையில் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 3 டன். குளிர்காலத்தில் 10 டன். 1845 மார்ச் 29 அன்று ஏறத்தாழ 30 டன். அதே பாறையில் தாமஸின் அண்ணன் ஆலன் ஸ்டீவன்சன் கட்டிய 48 மீட்டர் உயரக் கருங்கல் விளக்கு 1844 முதல் இன்றுவரை நிற்கிறது. வேலை தொடங்கிய 1838இலேயே, தொழிலாளர் தங்க எழுப்பிய மரக்கொட்டகையைக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது.

ஸ்கெரிவோருக்கு வடகிழக்கே சுமார் 19 கி.மீ. தள்ளி டைரீ தீவு இருக்கிறது. ஓபான் துறைமுகத்திலிருந்து கப்பலில் நான்கு மணி நேரப் பயணம். வசிப்பவர்கள் ஏறக்குறைய 650 பேர். மரங்கள் அரிது, சிப்பி மணலில் வளர்ந்த புல்வெளி, ஆடுமாடு, சுற்றிலும் வெள்ளை மணல் கடற்கரை. இந்தத் தீவில் 1986 முதல் அக்டோபர் மாதங்களில் பாய்மரப் பலகைப் போட்டி நடந்துவருகிறது. அண்மைக் காலத்தில் அதே கடலில் வேறொரு காட்சி: கையில் காற்றடைத்த சிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் பலகைமேல் நிற்கிறார், பலகை தண்ணீரைத் தொடவே இல்லை. அலைகளுக்கு ஒன்றரை அடி மேலே, இரைச்சல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இதன் பெயர் விங் ஃபாயிலிங்.

சாமான்கள் மூன்று. கையில் இருப்பது விங்: சைக்கிள் டியூபைப் போல் காற்றடைத்த விளிம்பும் துணியும் கொண்டது, 3 முதல் 7 சதுர மீட்டர் வரை அளவுகளில் கிடைக்கும். அது பலகையோடு இணைக்கப்பட்டதல்ல. கைப்பிடியை விட்டால் மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிய கயிற்றில் கொடிபோலப் படபடக்கும், இழுவை போய்விடும். காலடியில் ஐந்தடி நீளப் பலகை. பலகையின் அடியில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் ஒரு தண்டு இறங்குகிறது. அதற்கு மாஸ்ட் என்று பெயர், கீழ்நோக்கிப் போனாலும். தண்டின் அடியில் ஒரு குட்டி விமானம் இருப்பதாகச் சொல்லலாம்: முன்னால் பெரிய இறகு, பின்னால் சிறிய இறகு, இரண்டையும் இணைக்கும் உடல். இதுதான் ஃபாயில். ஆளைத் தூக்கிப் பிடிப்பது கையில் இருக்கும் பெரிய விங் அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் இருக்கும் இந்தச் சின்ன இறகு.

சின்னது என்றால் எவ்வளவு? முன் இறகின் பரப்பு 1,500 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை ஏ4 தாள் அளவு. அதன்மேல் ஆளும் சாமானும் சேர்த்து 90 கிலோ. இறகு தண்ணீரில் மணிக்கு 14 கி.மீ. வேகம் எடுத்தாலே அந்த 90 கிலோவைத் தூக்கிவிடும். நிதானமான சைக்கிள் வேகம்தான். இதே இறகு இதே ஆளை, மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் தண்ணீரில் தூக்கும் அதே சாய்வில், காற்றில் தூக்க வேண்டுமானால் மணிக்கு 520 கி.மீ. வேகத்தில் பாய வேண்டியிருக்கும். காரணம் அடர்த்தி. கடல்நீர் ஒரு கன மீட்டர் 1,025 கிலோ, காற்று 1.2 கிலோ சொச்சம். 830 மடங்குக்கு மேல் வித்தியாசம். இறகு கீழே தள்ளும் பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு எதிர்விசை.

இறகு ஏன் தூக்குகிறது என்பதற்கு நம் பாடப்புத்தகங்கள் பலவற்றில் ஒரு கதை உண்டு: மேல் பக்கம் வளைவாக இருப்பதால் அந்த வழியே போகும் காற்று அதிக தூரம் போக வேண்டும், கீழ்ப்பக்கக் காற்றோடு ஒரே நேரத்தில் மறுமுனையைச் சேர வேண்டும், ஆகவே வேகம் கூடுகிறது என்று. இது தவறு. பிரிந்த இரண்டு ஓட்டங்களும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது; அளந்து பார்த்தால் மேல் ஓட்டம் முன்னதாகவே போய்விடுகிறது. நடப்பது இதுதான்: லேசாகத் தலை நிமிர்ந்த இறகு, தன்னைச் சுற்றி ஓடும் நீரைக் கீழ்நோக்கி வளைக்கிறது. நீர் கீழே தள்ளப்பட்டால் இறகு மேலே தள்ளப்படும். இறகின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்தும் அடிப்புறத்தில் கூடியும் இருப்பது இந்தத் தள்ளுமுள்ளின் இன்னொரு முகம். இந்த அழுத்தக் குறைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. பழகாதவர்களின் பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வேகக் காற்று வருகிறது, பலகை விரைகிறது, தூக்குவிசை கூடிப் பலகை மேலே எழுகிறது. அனுபவசாலி அந்த நொடியில் முன்காலில் எடையைப் போட்டு இறகின் தலையைத் தாழ்த்திவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். உள்ளங்காலில் இடைவிடாத கணக்கு நடந்துகொண்டிருக்கும். புதியவர் பயந்து பின்னால் சாய்வார். பலகை இன்னும் நிமிரும், இன்னும் ஏறும், முன் இறகின் நுனி நீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வந்ததும், இறகின் மேற்புறத்தில் இருந்த அழுத்தக் குறைவு வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஓட வேண்டிய முதுகில் காற்றுப்படலம் படர, தூக்குவிசை ஒரு கண நேரத்தில் காணாமல் போகும். 90 கிலோவும் தொப்பென்று விழும்.

இந்த யோசனை பழையது. இத்தாலியர் என்ரிகோ ஃபொர்லானினி 1906இல் மஜோரே ஏரியில் நீரிறகு பூட்டிய படகை மணிக்கு 68 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் அந்தப் படகில் ஏறிப் பார்த்துவிட்டு, கனடாவின் அட்லாண்டிக் பக்கம் உள்ள நோவா ஸ்கோஷியாவில், கேசி பால்ட்வினோடு சேர்ந்து எச்டி-4 என்ற படகைக் கட்டினார். 1919 செப்டம்பர் 9 அன்று அது தொட்ட வேகம் மணிக்கு 114 கி.மீ. நூறாண்டு கழித்து, 2018-19 வாக்கில், டியோடோன், நைஷ் போன்ற நிறுவனங்கள் காற்றடைத்த விங்குகளைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் தனியாள் எவரும் முதுகுப்பையில் தூக்கிப்போகும் விளையாட்டாக இது மாறியது.

ஃபாயிலால் கிடைக்கும் லாபம் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பெரிய லாபம் நீரின் தடை குறைவதுதான். பலகை நீரில் கிடக்கும்போது அடிப்பரப்பு முழுவதும் நீரோடு உரசும். தவிர, தன் முன்னால் ஓர் அலையை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டு போகவும் வேண்டும். மேலே எழுந்துவிட்டால் இரண்டும் இல்லை. மெல்லிய தண்டும் இறகும் மட்டுமே நீரில். ஆகவே பாய்மரப் பலகை வேகம் பிடிக்க முடியாமல் மெல்ல ஊர்ந்துபோகும் 12 நாட் காற்றிலும் விங் ஃபாயில் பறக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. அலையின் குலுக்கலும் காலுக்கு வருவதில்லை. சிற்றலைகளின் முகடுகள் பலகைக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். இறகோ ஓரடிக்குச் சற்று மேல் ஆழத்தில், ஓரளவு அமைதியான நீரில் ஓடும். கேட்பது தண்டின் மெல்லிய ரீங்காரம் மட்டும்.

இனி டைரீக்கு வருவோம். அதை ஏன் இந்த விளையாட்டுக்காரர்கள் தேடிப் போகிறார்கள்? மூன்று பதில்களில் முதலாவது, அங்கே காற்றைத் தடுக்க ஏதுமில்லை. தீவின் மிக உயர்ந்த குன்று 141 மீட்டர். நடுப்பகுதி கிட்டத்தட்ட கடல் மட்டத்துக்குச் சமதளம். மேற்கே பார்த்து நேர்கோட்டில் போனால் அடுத்த கரை கனடாவின் லாப்ரடார். இடையில் 3,000 கி.மீ.க்கு மேல் தண்ணீர். வடமேற்கில் மட்டும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள் கொஞ்சம் மறைவு தருகின்றன. மரம், வீடு, மலை இவற்றின் மேல் உருண்டு வரும் காற்று சுழல்களாக உடைந்து விட்டுவிட்டு வீசும். திறந்த கடலின் மேல் வரும் காற்று சீராக வரும். சீர் என்பது இங்கே வெறும் வசதி இல்லை. காற்றின் தள்ளுவிசையும் வேகத்தின் இருமடிதான்: 12 நாட்டுக்கும் 20 நாட்டுக்கும் இடையே ஊசலாடும் காற்றில், கை தாங்க வேண்டிய விசை மூன்று மடங்கு அளவுக்கு ஏறி இறங்கும். 5 சதுர மீட்டர் விங், 15 நாட்டில் சுமார் 17 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 30 நாட்டில் அதுவே 65 கிலோவைத் தாண்டும். ஆகவே காற்று ஏறினால் சின்ன விங்குக்கு மாறுவார்கள்.

இரண்டாவது பதில், தீவின் வடிவம். பாலிவுலின் கடற்கரை வடமேற்கைப் பார்க்கும். பாலிஃபூல் தென்மேற்கைப் பார்க்கும். நீளமான காட் விரிகுடா தென்கிழக்கைப் பார்க்கும். எந்தத் திசைக் காற்றானாலும், அது கரைக்கு ஏறக்குறைய இணையாக வீசும் ஒரு கடற்கரை கிடைத்துவிடும். தீவின் நீளமே 19 கி.மீ. சொச்சம்தான், காரில் சாமானைப் போட்டுக்கொண்டு கரை மாறலாம்.

மூன்றாவது பதில்தான் எனக்கு மிகப் பிடித்தது: அலை. நடு அட்லாண்டிக்கில் புயல் கிளப்பிய நீள அலை, 12 விநாடிக்கு ஒரு முகடு என்ற கணக்கில் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் 225 மீட்டர் இடைவெளி. முகடு ஓடும் வேகம் மணிக்கு 67 கி.மீ. ஆனால் அலைக்கூட்டத்தின் ஆற்றல் நகர்வது அதில் பாதி வேகத்தில்தான், மணிக்கு 34 கி.மீ. கூட்டத்தின் பின்னால் புதுப்புது முகடுகள் பிறந்து, கூட்டத்தின் ஊடே ஓடி, முன்னால் போய்ச் சாகின்றன. 2,000 கி.மீ. தொலைவில் அடித்த புயலின் அலை டைரீக்கு வர இரண்டரை நாள் ஆகும். புயல் ஓய்ந்து, தீவில் வெயில் அடிக்கும்போது அது வந்து சேரும். டைரீக்கு வெயில் புதிதல்ல; மே மாதத்தில் பிரிட்டனிலேயே அதிக வெயில் பெறும் இடங்களில் அதுவும் ஒன்று.

மணிக்கு 67 கி.மீ. வேகத்தில் ஓடும் முகட்டை எந்த விங் ஃபாயில்காரரும் பிடிக்க முடியாது. கரையை நெருங்கும்போது அடித்தளம் அதைத் தடுக்கிறது. 3 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 20 கி.மீ.க்கும் கீழே. இப்போது அது ஃபாயிலின் வேகம். காற்று உள்ளூரில் கிளப்பும் குற்றலைகளோ ஆழ்கடலிலேயே பிடிபடும். நாலரை விநாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் உயர அலையின் வேகம் விநாடிக்கு 7 மீட்டர். அதன் முன்சரிவில் நீர் விநாடிக்கு 70 செ.மீ. வரை மேலே ஏறிக்கொண்டிருக்கும். அரை மீட்டர் ஆழத்திலும் அந்த ஏற்றம் பத்தில் ஒரு பங்குதான் குறையும்.

இனி ஃபாயிலின் கணக்கு. இழுக்க யாரும் இல்லாவிட்டால் அது நீரில் மெல்லச் சறுக்கிக்கொண்டே இறங்கும். 12 மீட்டர் முன்னேறுவதற்குள் 1 மீட்டர் இறங்குவதாக வைத்தால், 7 மீட்டர் வேகத்தில் இறக்கம் விநாடிக்கு 58 செ.மீ. நீரோ 63 செ.மீ. ஏறுகிறது. இறங்குவதைவிட ஏற்றம் அதிகம்! உச்சிவெயிலில் பருந்து சிறகசைக்காமல் வட்டமிடுவதும் இதே கணக்குதான். அது இறங்கிக்கொண்டிருக்கும் காற்று அதைவிட வேகமாக ஏறுகிறது. ஆகவே விங்கைத் தளரவிட்டு, ஒற்றைக் கையில் பின்னால் பறக்கவிட்டு, உடையாத அலையின் முன்சரிவிலேயே நூற்றுக்கணக்கான மீட்டர் போகலாம். அலைச்சறுக்குக்காரருக்கு உடையும் அலை வேண்டும். ஃபாயில்காரருக்கு வெறும் மேடு போதும். காற்று கொடுத்த ஆற்றலைக் கடல் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது.

இவ்வளவு சுகமான ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. பறப்பவருக்குக் கடலின் நிலவரம் தெரியாமல் போகிறது. சாதாரணப் படகிலோ பலகையிலோ கடல் கடுமையானால் குலுக்கல், அறை, சாரல் எல்லாம் உடனே சொல்லிவிடும். ஃபாயில் அவற்றை வடிகட்டிவிடுகிறது. கரையிலிருந்து ஒரு கி.மீ. தள்ளி வந்தவருக்கு எல்லாம் வழவழப்பாகவே இருக்கும், கீழே விழும்வரை. விழுந்த பிறகு அவர் ஒரு சின்னப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஆள், அவ்வளவுதான்.

விழ வைக்கச் சிறு காரணங்கள் போதும். டைரீயைச் சுற்றிப் பாறைகளில் கெல்ப் என்ற தடித்த கடற்பாசி காடாக வளர்கிறது. அறுந்து மிதக்கும் ஒரு பட்டை தண்டில் சுற்றிக்கொண்டால் வேகம் செத்துப்போகும். பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். காலையில் தாராளமாகப் பறந்த இடத்தில் மதியம் தண்டு பாறையில் இடிக்கும். கோடையில் அந்தப் பக்கம் மேய வரும் பெருஞ்சுறாக்கள் மிதவையுயிர்களை வடிகட்டித் தின்பவை, கடிக்காதவை. ஆனால் கூரான இறகோடு அவற்றின்மேல் ஏறுவது இரு தரப்புக்கும் நல்லதல்ல.

பெரிய காரணம் குளிர். அங்கே கடல்நீர் குளிர்கால முடிவில் 8 டிகிரி, கோடையில் 13-14. நம் பக்கத்துக் கடலில் பாதி வெப்பம்கூட இல்லை. நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழக ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு ஒன்று-பத்து-ஒன்று. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான். நினைவு தப்ப ஒரு மணி நேரம். ஆகவே பலர் நினைப்பதுபோல் ஆளைக் கொல்வது உறைதல் மட்டுமல்ல. அதற்கு வெகு முன்னாலேயே விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுத்துவிடுகின்றன. 5 மி.மீ. தடிமன் ரப்பர் உடை இந்த அவகாசத்தை நன்றாக நீட்டும், ஒழிக்காது.

இனி ஒரு நாளைக் கற்பனை செய்யுங்கள். தாழ்வழுத்தம் ஒன்று மேற்கிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப்போரில், 1943 முதல், டைரீ விமான தளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் நூற்றுக்கணக்கான கி.மீ. அட்லாண்டிக்குக்குள் பறந்து வானிலை அளந்தது இப்படி வருவதை முன்கூட்டியே அறியத்தான். ஐரோப்பாவின் நாளைய வானிலை பெரும்பாலும் அங்கே இன்று இருக்கும். தாழ்வழுத்தத்தோடு வரும் குளிர்காற்றின் முன்விளிம்புக்குக் குளிர்முகம் என்று பெயர். அது வருவதற்கு முன்பு தென்மேற்குக் காற்று. காட் விரிகுடாவில் அது கரைக்கு இணையாக வீசும், அருமையான நாள். குளிர்முகம் தாண்டும்போது, சில நிமிடங்களிலேயே, காற்று வடமேற்குக்குத் திரும்பி வேகமும் கூடும். தென்கிழக்கைப் பார்க்கும் அந்த விரிகுடாவில் வடமேற்குக் காற்று என்பது நேராகக் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. சற்று முன் பாதுகாப்பாக இருந்த இடம், யாரும் நகராமலே, ஆபத்தான இடமாகிவிடுகிறது.

இதில் ஏமாற்று என்னவென்றால், கடலை நோக்கி வீசும் காற்றில்தான் கரையோர நீர் மிக அழகாக இருக்கும். அலை வளர, காற்று நீரின்மேல் தூரம் ஓட வேண்டும். கரையருகே அந்தத் தூரமே இல்லை. ஆகவே நீர் தட்டையாகக் கிடக்கும். உள்ளே போகப்போக அலை வளரும், காற்றும் கூடும். கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வருவது அலைகளின் முதுகுதான். திரும்பி வர காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்குமாகப் போய் ஏறி வர வேண்டும்; பறக்கும்வரை அது முடியும். ஃபாயில் எழும்ப மறுத்தால், பலகையோடு நீந்தித்தான் வர வேண்டும். நல்ல நீச்சல்காரர் விநாடிக்கு ஒரு மீட்டர் போவார். காற்று அதைத் தின்றுவிடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் உயிர்காப்புப் படகுகள் நிற்பது மல் தீவின் டோபர்மரியிலும் பாரா தீவின் காசில்பேயிலும். கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் கடல் கடந்து வர நேரம் பிடிக்கும்.

வாசகர்களில் யாராவது, எந்த நாட்டுக் கடற்கரையிலாவது, இந்த விளையாட்டில் இறங்குவதாக இருந்தால் கைப்பேசியில் காற்றின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் திசையைப் பாருங்கள். இப்போதைய திசையை மட்டுமல்ல, அடுத்த மூன்று மணி நேரத்துத் திசையையும். கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். நீர் புகாத வி.எச்.எஃப். வானொலியை உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். அவசர அழைப்புக்கு சேனல் 16. விழுந்தால் பலகையை விடாதீர்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்து, காற்று உங்கள் முதுகில் அடித்துக் கடலை நோக்கிப் போகிற நாளில் மட்டும் தயவுசெய்து சாமானைப் பிரிக்காதீர்கள்.